ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடித்த நேரம்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம். ஆப்பிரிக்காவில் ஒரு தேசியப் பூங்காவில், நல்ல வெளிச்சத்தில், என்னிடமிருந்து பதினைந்து அடி தூரத்தில் இரண்டு சிங்கங்கள் படுத்திருந்தன. வண்டியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ‘சிங்கம், இரண்டு, இடதுபக்கம், மரத்தடியில்’ என்று சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. காதில் விழுந்தது, கை எழுதிவிட்டது.

சுருக்கெழுத்தில் சிங்கம் என்பது ஒரு வளைகோடும் ஒரு புள்ளியும். அதற்குப் பிடரி கிடையாது. அந்தச் சிங்கத்தைத்தான் நான் பார்த்தேன்.

அமைச்சகங்களில் ஸ்டெனோவாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். நிமிடத்துக்கு எத்தனை சொல், பென்சிலை எப்படிச் சீவுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது இருபது விநாடி சமாச்சாரம். வேலையில் இருந்த காலம் முழுவதையும் உதறிப் பார்த்தால் கடைசியில் தரையில் கிடப்பது அந்த இருபது விநாடிதான்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு வாய்த்த அதிகாரி ஓர் இணைச் செயலாளர். ஜே.எஸ். என்போம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் பெயர் வேண்டாம். எழுதினால் அவரே வந்து அடித்துவிடுவார். தேவையில்லாத சொல் எதைக் கண்டாலும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. மூன்று பக்கக் குறிப்பை வைத்தால் கீழே ‘சரி’ என்று எழுதுவார். ஐந்து பக்கம் வைத்தால் ‘சுருக்கவும்’.

அவர் அறையில் நடந்துகொண்டேதான் டிக்டேஷன் கொடுப்பார். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், வேறோர் அமைச்சகத்துக்கு ஒரு கடிதம். நடுவில் டீ வந்தது. அவர் டீ கொண்டுவந்த ஆளிடம் ஏதோ சொன்னார். நான் பாட்டுக்கு எழுதினேன், டைப் செய்தேன். அன்றைக்கு அவசரம், அவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான்கு நாள் கழித்து அந்த அமைச்சகத்திலிருந்து என் கடிதத்தையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓரிடத்தில் அடிக்கோடு. ‘மேற்கண்ட காரணங்களை முன்னிட்டு, சர்க்கரை வேண்டாம், போகும்போது கதவைச் சாத்து, தங்கள் ஒப்புதலைக் கோருகிறோம்.’ ஓரத்தில் ஒரு மகானுபாவர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘ஒப்புதல் உண்டு. கதவு சாத்தப்பட்டது.’

ஜே.எஸ். கூப்பிட்டார்.

“என்னய்யா இது?”

“நீங்க சொன்னதுதான் சார்.”

“டீ கொண்டுவந்தவன்கிட்டன்னா சொன்னேன்?”

“என் காதுலயும் விழுந்துச்சு சார்.”

கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். “பாஸ்போர்ட் வச்சிருக்கியோ?” என்று கேட்டார்.

அப்படித்தான் நான் ஆப்பிரிக்கா போனேன். காதில் விழுகிற ஒரு சொல்லையும் கீழே போடாத ஆள் ஒருவன் அவருக்குத் தேவைப்பட்டான். திறமைக்குக் கிடைத்த பரிசு என்று, டெல்லியில் நாங்கள் குடியிருந்த மோதி பாக் முழுக்கச் சொல்லிக்கொண்டேன். சர்க்கரை விஷயத்தைச் சொல்லவில்லை.

எந்த நாடு என்பதைச் சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்குகிறவன்; ரகசியக் காப்புக்குக் கையெழுத்துப் போட்டவன். கிழக்குப் பக்கத்து நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பள்ளிக்கூடங்களுக்கு நம்மிடமிருந்து கணக்கு, விஞ்ஞான ஆசிரியர்கள் நாற்பது பேர் இரண்டு வருடத்துக்கு வேண்டும். அதற்கான ஒப்பந்தம் பேசத்தான் போனோம்.

கிளம்புவதற்கு முன்னால் எங்கள் குவார்ட்டர்ஸ் பகுதியே திருவிழாக் கோலம். நான் ஒப்பந்தம் பேசப் போகிறேன் என்பதை யாரும் லட்சியம் செய்யவில்லை. சிங்கம் பார்க்கப் போகிறேன். அவ்வளவுதான். மேல் வீட்டு சர்மாஜி தன் கல்யாணக் கோட்டைக் கொடுத்தார். அவர் அகலம் என்னைப்போல ஒன்றரை மடங்கு. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, திருநெல்வேலிச் சீமையில் பிறந்த என் மனைவி சொன்னாள்: “சிங்கம் ஒங்களத் தின்னாலும் கோட்டுக்குள்ள தேடித்தான் எடுக்கணும்.”

மூன்று நாள் பேச்சு நடந்தது. சம்பளம், வீடு, வைத்தியம் எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்று மாட்டிக்கொண்டது. ஆசிரியர்கள் குடும்பத்தை எப்போது அழைத்துக்கொண்டு போகலாம்? வேலையில் சேரும் நாளிலேயே என்பது நம் பக்கம். ஒரு வருடம் கழித்து என்பது அவர்கள் பக்கம். ஜே.எஸ். வழக்கத்துக்கு விரோதமாக இதில் வார்த்தைகளைச் செலவழித்தார். அறைக்குத் திரும்பியபின் என்னிடமும் சொன்னார்: “பெண்டாட்டி குழந்தையை விட்டுட்டு வந்தவன் கரும்பலகையைப் பார்க்க மாட்டான்யா. காலண்டரைத்தான் பார்ப்பான்.”

அந்த நாட்டுச் செயலாளர் ஆஜானுபாகு. அலுவலகத்தில் பக்கத்தில் நிதி அதிகாரியை உட்காரவைத்துக்கொண்டு இறுகிப்போய் இருப்பார். வராந்தாவுக்கு வந்தால் அப்படிச் சிரிப்பார், ஜன்னல் கண்ணாடி அதிரும். மூன்றாம் நாள் மாலை வராந்தாவில் வைத்துச் சொன்னார். ஊர் எல்லையிலேயே பூங்கா இருக்கிறது, நாளைக் காலையில் என் வண்டியில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வரலாம், மதியம் கையெழுத்து, சாயங்காலம் உங்கள் விமானம்.

ஜே.எஸ். என் பக்கம் திரும்பினார். “நாளைக்கு நீயும் வர்றே.”

எனக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது.

“நோட்டு எடுத்துக்கோ. ஆபீஸ்ல வராத வார்த்தை அங்க வரும்.”

துள்ளிய நெஞ்சு பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

காலை ஆறரைக்கு உள்ளே போனோம். மேலே திறந்த ஜீப். முன்னால் டிரைவரும் செயலாளரும். நடுவில் தொலைநோக்கியோடு ஜே.எஸ். பின்னால் தனி இருக்கையில், சர்மாஜியின் கோட்டுக்குள் நான், முழங்கால்மேல் நோட்டு, பையில் சீவிய பென்சில் ஆறு. ஜே.எஸ். சொன்னது சரியாகிவிட்டது. வெளிக்காற்று பட்டதும் செயலாளர் சிரித்துச் சிரித்துப் பேச ஆரம்பித்தார். நான் எழுத ஆரம்பித்தேன்.

வண்டி ஆடும்போது எழுதுவதென்றால் கண் தாளைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் கோடு தாவிவிடும். சுருக்கெழுத்தில் கோடு கொஞ்சம் தாவினால் ‘ஆசிரியர்’ வேறு ஏதோ ஜந்துவாகிவிடும். ஆகவே இரண்டு மணி நேரக் காட்டை நான் காதாலும் மூக்காலும்தான் சுற்றினேன். காய்ந்த புல்லின் வாசனை. செம்மண் புழுதி தொண்டையில். ஏதோ ஒரு பறவை, திருகாணியைத் திருகுவது மாதிரிக் கத்தியது. என் நோட்டில் இப்படி இருந்தது: ‘ஆசிரியர்களுக்கு வீடு நாங்கள் தருகிறோம், அதோ வரிக்குதிரை, நாற்காலி மேஜை உட்பட, ஓ, நிறைய வரிக்குதிரை, ஆனால் பாத்திரங்கள் அவர்கள் பொறுப்பு.’ சிங்கங்களும் அந்தப் பக்கத்தில்தான். ‘வாலைப் பாருங்கள்’ என்று ஜே.எஸ். சொன்னதை எழுதினேன். வாலைப் பார்க்கவில்லை.

அதற்குப் பின் ஒரு திருப்பத்தில் செயலாளர், “குடும்ப விஷயத்தில் என் அபிப்பிராயம் என்னவென்றால்” என்று தொடங்கினார். எழுதினேன். இதற்காகத்தான் வந்திருக்கிறோம். பென்சில் தயார். அப்போது டிரைவர் சட்டென்று இன்ஜினை அணைத்தார்.

எல்லாம் நின்றுவிட்டது. இன்ஜின், ஆட்டம், பேச்சு, எல்லாம். யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது மட்டும் கேட்டது.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வேகமாகப் பேசுகிறவன் ஸ்டெனோவைக் கவிழ்க்க மாட்டான். கை எப்படியாவது ஓடிப் பிடித்துவிடும். மௌனம்தான் கவிழ்க்கும். எழுத ஒன்றுமில்லை என்று தோன்றுகிற நேரத்தில்தான் நமக்குக் கண் இருப்பது ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வந்தது. நிமிர்ந்தேன்.

ஒரு குட்டை. அதன் கரையில் ஓர் ஒட்டகச்சிவிங்கி. தண்ணீர் குடிக்க வேண்டும்; ஆனால் தண்ணீர் கீழே வெகு தூரத்தில் இருக்கிறது. முன்கால்களை மெதுவாக அகட்டியது. போதவில்லை. இன்னும் கொஞ்சம் அகட்டியது. அவ்வளவு பெரிய உருவத்துக்கு அவ்வளவு கூச்சம். டைப்ரைட்டருக்கு அடியில் விழுந்த பென்சிலை எடுக்க நான் குனிவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய அது. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கழுத்தை இறக்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது அந்தக் கழுத்து. உதடு தண்ணீரைத் தொட்டது. குட்டையில் வளையம் வளையமாக விரிந்தது. பிறகு எதற்கோ பயந்து ஒரே வீச்சில் தலையைத் தூக்கியது. வாயிலிருந்து சிதறிய தண்ணீர் வெயிலில் ஒரு வில்லைப் போல வளைந்து நின்றது. நின்றது என்றுதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம்.

அந்த நேரம் ஒரு குரல் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. காட்டில் கிசுகிசுப்பது மாதிரி. பறவைச் சத்தம்போல அதுவும் என் காதின் வெளியிலேயே நின்றுவிட்டது.

சுதாரித்துக் குனிந்தபோது ஜே.எஸ். பேசினார். “தங்களுடைய பெருந்தன்மை. மிக்க நன்றி.” அதை எழுதினேன். செயலாளர், “அப்படியென்றால் முடிந்தது” என்றார். அதையும் எழுதினேன். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். எனக்குக் கை மட்டுமல்ல, கோட்டுக்குள் எல்லாமே வியர்த்தது.

விடுதிக்குத் திரும்பி, அறையில் போர்ட்டபிள் டைப்ரைட்டர் முன்னால் நோட்டை விரித்தேன். ‘குடும்ப விஷயத்தில் என் அபிப்பிராயம் என்னவென்றால்.’ அதற்குப் பிறகு வெறும் தாள். அந்த வெறும் தாளில், நான் நிமிர்ந்தபோது பென்சில் தானாக இழுத்துக்கொண்டுபோன ஒரு நீளமான கோடு. சுருக்கெழுத்தில் அதற்கு அர்த்தம் கிடையாது. அடுத்த வரி, ‘பெருந்தன்மை.’

நீங்களே சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்து என்று செயலாளர் தன் பழைய பாட்டையே பாடியிருந்தால் ஜே.எஸ். பெருந்தன்மை என்பாரா? அந்த மனிதர் அன்று காலை சிரித்த சிரிப்புக்கு வேறென்ன சொல்லியிருப்பார்? மணி பத்தரை. பன்னிரண்டுக்குக் கையெழுத்து. நான் டைப் செய்துவிட்டேன். ‘ஆசிரியர்கள் பணியில் சேரும் நாளிலிருந்தே குடும்பத்தினர் உடனிருக்கலாம்.’ மூன்று கார்பன் பிரதியோடு. பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரு பிழை இல்லை.

ஜே.எஸ். அறைக்குக் கொண்டுபோனேன். சிவப்புப் பென்சிலோடு படித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார். அடிக்கவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது.

“அவர் இப்படிச் சொன்னாரா?”

“அப்படித்தான் இருக்கணும் சார்.”

“சொன்னாரா?”

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் தேவை. நாற்பது குடும்பமும் கப்பலோ விமானமோ ஏறிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஒருவேளை செயலாளர் ஆறு மாதம் என்று சொல்லியிருந்தால்? நிதி அதிகாரி எதிரில் ஜே.எஸ். இந்தத் தாளை நீட்டும்போது செயலாளர், “நான் எப்போது அப்படிச் சொன்னேன்?” என்று கேட்டால், அவமானப்படுவது நான் அல்ல, என்னை நம்பித் தாளை நீட்டும் இவர். மூன்று நாளில் முடிந்ததாக நினைத்த மற்ற வரிகளும் அதோடு சேர்ந்து கலைந்துபோகும்.

“கேக்கலை சார்,” என்றேன்.

நோட்டை வாங்கிப் பார்த்தார். அந்த நீளக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

“இது என்ன?”

“கழுத்து சார்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையே எழுதத் தேவைப்பட்டிருக்காது. தொலைநோக்கியின் தோல் பையை மேஜைமேல் இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

“நானும் அதைத்தான்யா பார்த்துண்டிருந்தேன். அவர் ஏதோ நல்லதாச் சொல்றார்னு குரல்ல தெரிஞ்சுது. நன்றி சொல்லிட்டேன். வார்த்தை உன்கிட்ட பத்திரமா இருக்கும்னு விட்டுட்டேன்.”

“அந்த வரில நாள் ஒண்ணும் போடாம காலியா விட்டுக் கொண்டுபோகலாமா சார்?”

“கேட்டுடுவோம். கேக்காததை எழுதறவன் ஸ்டெனோ இல்லே, கதை எழுதறவன்.”

மதியம் அந்த அலுவலகத்தில் ஜே.எஸ். கேட்டார். தவறு யாருடையது என்று சொல்லவில்லை. “காலையில் தாங்கள் சொன்னதை எங்களால் சரியாகக் குறித்துக்கொள்ள முடியவில்லை” என்றார். செயலாளர் கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் நிதி அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையில் சிரித்த மனிதர் அங்கே இல்லை. “காட்டில் மனிதன் என்னென்னவோ பேசுவான்,” என்றார். “ஒரு வருடம் என்றே போட்டுக்கொள்ளுங்கள்.”

அந்த வரியை அங்கேயே, அவர்கள் டைப்ரைட்டரில், நான்தான் அடித்தேன். ‘பன்னிரண்டு மாதங்களுக்குப் பின்.’ அதிலும் ஒரு பிழை இல்லை.

டெல்லி திரும்பினால் வாசலிலேயே கூட்டம். சிங்கம் எப்படி இருந்தது? என்ன செய்வேன்? நோட்டில் இருந்த சிங்கம் எனக்கு மனப்பாடம். மரத்தடியில் இரண்டு, இடதுபக்கம், ஒன்று வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது என்று அவிழ்த்துவிட்டேன். புகழ் பரவி, பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு ஆப்பிரிக்கா பற்றிப் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “அங்கிள், அதோட கண் என்ன கலர்?” என்று கேட்டாள். நோட்டில் அது இல்லை. “தூங்கிட்டிருந்துச்சும்மா,” என்றேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, “பாக்காத சிங்கத்துக்கே இம்புட்டுக் கதையா? பாத்திருந்தா என்ன பாடு படுத்தியிருப்பிய?” என்றாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதை. நாற்பது பேர் என்பது தாளில் நாற்பது என்ற எண்; எண்ணுக்கு முகம் கிடையாது. நான்கைந்து மாதத்தில் அந்த எண்ணுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. தேர்வான நாற்பது பேரில் ஒருவர் எங்கள் அடுத்த பிளாக்கில் இருந்த கணக்கு வாத்தியார். மதுரைக்காரர். அவர் விமானம் ஏறியபோது அவர் மனைவி சரோஜாவுக்கு மூன்று மாதம்.

காலை ஐந்தரை மணிக்குப் பால் பூத்தில் பார்ப்பேன். கண்ணாடி பாட்டில்களோடு வரிசையில் நிற்பாள். நான் அந்த அமைச்சகத்தில் வேலை பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

“சார், ரூல மாத்துவாங்கன்னு சொல்றாங்களே, ஏதாச்சும் வந்துருச்சாங்களா?”

“இல்லம்மா. இன்னும் இல்ல.”

“சேந்த அன்னிக்கே கூட்டிட்டுப் போகலாம்னு மொதல்ல பேச்சு இருந்துச்சாமே சார்? அவுக எழுதியிருந்தாக. அப்பறம் எவன் கெடுத்தான்னு தெரியல.”

எனக்குப் பின்னால் நின்ற ஆள், “ஜல்தி, பாயி சாப்” என்று தள்ளினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தள்ளலுக்காக நன்றி சொன்னேன்.

வாரத்துக்கு ஒரு ஏரோகிராம் வரும் அவளுக்கு. நீலத்தாளில் உள்ளும் புறமும், மடிப்பிலும்கூட எழுதி. சில நாள் வரிசையிலேயே பிரித்துப் படிப்பாள். ஒருமுறை, “ஜன்னலைத் திறந்தா தூரத்துல ஒட்டகச்சிவிங்கி தெரியுதாம் சார். ஞாயித்துக்கெழம பூரா அதையே பாத்துக்கிட்டு இருக்காராம். தனியாப் பாக்க என்னமோ மாதிரி இருக்குன்னு எழுதியிருக்காரு,” என்றாள். நான் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து மூடி சரியாக இருக்கிறதா என்று ஆராய்ந்தேன்.

பிரசவத்துக்கு நானும் என் மனைவியும்தான் டாக்ஸி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை. மறுநாள் தந்தி அலுவலகத்தில் அப்பாவுக்குச் செய்தி கொடுத்தவன் நான்தான். ‘பெண் குழந்தை, இருவரும் நலம்.’ சுருக்கமாக எழுதுவதுதானே நம் தொழில். நர்ஸ் அம்மா, ‘தகப்பன் எங்கே?’ என்று என்னைப் பார்த்துக் கேட்டதை அதில் சேர்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவி சொன்னாள்: “அந்தப் புள்ளகிட்டச் சொல்லிருங்க. தெனமும் பால் பூத்துல முழிச்சிக்கிட்டு நிக்கிய, எனக்கே பாக்கச் சகிக்கல.”

“ஆபீஸ் ரகசியம்.”

“ஒப்பந்தம் ரகசியம். நீங்க வாயப் பொளந்து பாத்தது என்ன ரகசியம்?”

ஜே.எஸ். அந்த விஷயத்தை மறுபடி எடுக்கவே இல்லை. ஆனால் இரண்டு முறை, விதியைத் தளர்த்தும்படி அந்த நாட்டுக்குக் கடிதம் டிக்டேட் செய்தார். இரண்டு முறையும் நடக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக. இரண்டுக்கும் பதில் ‘பரிசீலனையில் உள்ளது.’ அடுத்த வருடம் அவருக்கு வேறு அமைச்சகம் கிடைத்தது. எனக்கு அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பயணம் வாய்க்கவில்லை. அந்தச் சுருக்கெழுத்து நோட்டை விதிப்படி அழிக்கக் கொடுத்துவிட்டேன். கோடு மட்டும் கண்ணில் இருக்கிறது. காகிதம் கிடைத்தால் இப்போதும் அதே மாதிரி இழுத்துக் காட்டுவேன்.

ஒரு விடுமுறை நாளில் டெல்லி மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். அங்கே ஓர் ஒட்டகச்சிவிங்கி இருந்தது. அது தண்ணீர் குடிப்பதை இன்னொருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மதியத்திலிருந்து மூடுகிற மணி அடிக்கும்வரை கம்பி ஓரத்தில் நின்றேன். குடிக்கத்தான் செய்தது, இரண்டு முறை. ஆனால் அதற்குச் சிரமம் வேண்டாம் என்று தண்ணீர்த் தொட்டியை உயரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டது. குனியத் தேவையில்லாத ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து நான் ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்? பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்த ஒருவர், “க்யா ஹுவா, பாயி சாப்?” என்று கேட்டார். தூசி என்றேன்.

அன்று ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று நீங்கள் என்னைக் கேட்பீர்கள். நானே என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்காததை எழுதாமல் விட்டது சரி. அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. குழந்தை பிறந்த அன்று தவிர. ஆனால் சரியானதைச் செய்தபிறகும் தப்பு தப்பாகவே இருக்கும், ஒரு அங்குலமும் குறையாது. ஆகவே நிமிராதீர்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போது உங்களிடம் பேச்சைப் பதிகிற கருவியெல்லாம் இருக்கிறது, இருந்தாலும் நிமிராதீர்கள். அப்படிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். எழுதி வரும்போது அந்தத் தண்ணீர் வில் குறுக்கே வந்து நிற்கிறது. நிமிராமல் இருந்திருந்தால் என்னிடம் அது இருந்திருக்காது. ஆகையால் என் அறிவுரையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மாதம் முடிந்தது. சரோஜாவுக்குப் பயணச் சீட்டு வந்தது. பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து விமானம். டாக்ஸி வந்து நின்றது. ஒரு பெட்டி, ஒரு படுக்கைக் கட்டு, ஒரு ஊறுகாய் ஜாடி. ஜாடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தவன் நான். என் மனைவி குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாலேயே தள்ளினாள்.

“சரோஜா, ஒரு விஷயம்மா.”

“சொல்லுங்க சார்.”

சொன்னேன். ஜாடியைக் கட்டிக்கொண்டே, முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே சொன்னேன். வண்டி நின்றது, நான் நிமிர்ந்தது, அந்த ஒரு வாக்கியம் காதில் விழாமல் போனது. மௌனம், ஜீப், வெறும் தாள். சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தவன், அன்றைக்கு வளவளவென்று சொன்னேன். “எவன் கெடுத்தான்னு கேட்டியே அன்னிக்கு, பால் பூத்துல. அது நான்தாம்மா.”

அவள் என் மனைவி கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். சர்தார்ஜி டிரைவர், “ஜல்தி கரோ ஜி, காடி சூட் ஜாயேகி” என்று ரயில் தவறிவிடும் பதற்றத்தில் ஹாரனை அடித்தார். பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, குழந்தையின் காதை மூடி ஒரு துணியைச் சுற்றினாள். வண்டி நகர்ந்தது. நான் ஜாடி இன்னும் என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஓடினேன். ஜன்னல் வழியாக அதை வாங்கிக்கொள்ளும்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது சொல்லும்மா, திட்டவாவது செய் என்றேன்.

“நல்லாவாவது பாத்தீங்களா?”